இருமல் இல்லாத கேசட்டுகள்

பரமானந்தம் சார் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவருடைய குரல் அவர் மனைவி கித்தேரியம்மாள் கைக்கு வந்து சேர்ந்தது, நாற்பத்திரண்டு டேப் ஸ்பூல்களாக.

கொடைக்கானலில் அவர் பாட்டு வாத்தியாராக இருந்த மிஷன் பள்ளியில்தான் அவளுக்கும் வேலை. அவர் போன பிறகு லைப்ரரியில் அட்டெண்டராக எடுத்துக்கொண்டார்கள். 1984இல் பள்ளிக்குப் பொன்விழா வந்தது. தலைமைச் சகோதரி அவளைக் கூப்பிட்டு பீரோவைத் திறந்து காட்டினார்.

"சார் பாட்டுக்குழுவை ரிக்கார்டு பண்ணின ஸ்பூல் எல்லாம் பூஞ்சை பிடிக்குது கித்தேரி. இதைப் போடுற மெஷினும் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. எல்லாத்தையும் கேசட்ல ஏத்திருவோம். பாட்டு மட்டும் போதும். இடையில வர்ற பேச்சு, சத்தம் எதுவும் வேண்டாம்."

வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் அருள்மணி டீச்சர். பேத்துப்பாறை மலைக்கிராமத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படித்து, சாரின் பாட்டுக்குழுவில் பாடியவள். இப்போது அங்கேயே டீச்சர். ஸ்பூல் மெஷினிலிருந்து கேசட் ரிக்கார்டருக்கு ஒரு ஒயரை மாட்டினாள். "மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போகாமப் பாத்துக்கோங்கக்கா. பேச்சு வந்தா இந்தப் பட்டனை அமுக்குங்க, கேசட் நின்னுரும். பாட்டு வந்ததும் எடுத்துவிடுங்க."

முதல் நாள் கித்தேரியம்மாளால் அந்தப் பட்டனை அமுக்க முடியவில்லை. "சரி, மறுபடி எடுங்க பிள்ளைகளா" என்று அவர் சொன்ன இடத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேசட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். ஆனால் இரண்டு வாரம் அவள் வெள்ளனே எழுந்து, தலைவாரி, நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள். யாரும் கேட்டிருந்தால் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாள்.

மூன்றாவது வாரம், 1976 ஜூன் என்று எழுதியிருந்த ஸ்பூலைப் போட்டாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவர் இருமினார்.

வீட்டிலும் அவர் இருமியதுண்டு. மூடுபனிச் சளி என்பார். அவளும் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுப்பாள். அது கைக்குட்டைக்குள் அடங்கிவிடுகிற சின்ன இருமல். இது வேறு. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, நிற்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்த இருமல். பிறகு மூச்சு வாங்கியபடி அவர் குரல்: "அருளு, ஜன்னலைச் சாத்தும்மா. கொஞ்சம் தண்ணி கொண்டா."

அடுத்த ஸ்பூலில் இன்னும் அதிகம். அதற்கடுத்ததில் பிள்ளைகள் யாரோ அழுகிறார்கள். "ரத்தம் சார்" என்கிறது ஒரு குரல். "ஒண்ணுமில்ல. வீட்ல அக்காகிட்ட யாரும் சொல்லிராதீங்க. சத்தியமா சொல்லக்கூடாது. அவ அண்ணனை டி.பி. சானடோரியத்துல சாகக் குடுத்தவ. தாங்கமாட்டா."

கித்தேரியம்மாள் மெஷினை நிறுத்தினாள். மதுரை ஆஸ்பத்திரியில், எழுபத்தெட்டு மார்ச்சில், டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒரு வருசம் முந்தி வந்திருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்மா. டி.பி.க்கு இப்ப மருந்து இருக்கு." திடீரென்று வந்த நோய், யாருக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷம் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

அருள்மணியின் வகுப்பு வாசலுக்குப் போய் நின்றாள். டீச்சர் வெளியே வந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா அருளு?"

எதைக் கேட்கிறாள் என்று அருள்மணி கேட்கவில்லை. "சத்தியம் வாங்கிட்டாருக்கா. எனக்குப் பதினாலு வயசு."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"பாட்டுக்குழுவுல எல்லாருக்கும்."

இருபத்திரண்டு பிள்ளைகள். அவரோடு ஒரே வீட்டில் இருந்தவளைத் தவிர எல்லாருக்கும்.

வேலையை அவள் விடவில்லை. எஞ்சிய ஸ்பூல்களையும் ஏற்றி முடித்தாள். இருமல் வரும் முன்பே, அவர் மூச்சிழுக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும், பட்டனை அமுக்கிவிடுவாள். ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் மட்டும் பாட்டுக்கு நடுவிலேயே இருமல். தலைமைச் சகோதரி கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டையே விட்டுரு" என்றார். விட்டுவிட்டாள். விழாவில் ஒலிபெருக்கியில் போட்டபோது, சார் நேரில் நிற்பதுபோல் இருக்கிறதென்று வந்தவர்கள் சொன்னார்கள். அவள் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பூல்களை என்ன செய்ய என்று தலைமைச் சகோதரி கேட்டதற்கு, அழித்து வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

அருள்மணியிடம் இரண்டு வருஷம் பேசவில்லை. எதிரில் வந்தால் புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். 1986இல் அருள்மணிக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம் முடிவாயிற்று. பத்திரிகையோடு வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா" என்றாள் கித்தேரியம்மாள். காபி போட்டுக் கொடுத்தாள். "நீ அன்னைக்குச் சின்னப் புள்ள. ஒன்மேல தப்பில்ல."

அருள்மணி அழுதாள். "அவர்மேலயும் கோபப்படாதீங்கக்கா."

"கோபமில்ல அருளு. நான் தாங்கமாட்டேன்னு நெனச்சுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

அருள்மணி போன பிறகு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அடுப்பில் மிச்சக் காபி பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வீடெங்கும் பரவியது.