பனிமூட்டத்தில் அப்பா காட்டிய மலை

டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் வளர்ந்த எனக்கு, ஒன்பது வயது வரை தெரிந்த மிக உயரமான இடம், ஹூஸ்டன் போகும் வழியில் ஒன்றின்மேல் ஒன்றாக வளைந்து ஏறும் ஃப்ரீவே பாலம்தான். கார் அதன் உச்சிக்கு வரும்போது அப்பா, "பாரு, நம்ம ஊர் மலை" என்பார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீட்டுக் கூரைகள், கடைகளின் பார்க்கிங் மைதானங்கள், அவற்றுக்கு மேல் வெறும் வானம். தரை எங்கேயும் ஒரு சாண் கூட எழும்பியிருக்காது.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிஜமாகவே ஒரு மலைக்குக் குடிபோவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வெளியே அனுப்பிய ஒரு வருஷத்தில் அப்பாவுக்கும் வேலை போயிற்று. சில மாதங்கள் வீட்டில் இருந்தார். என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார், கராஜைத் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்தினார். பிறகு ஆஸ்திரேலியாவில், மலையைக் குடைந்து நீர்மின் நிலையம் கட்டுகிற இடத்தில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை. வீடு இங்கே, என் பள்ளி இங்கே. அதனால் அப்பா மட்டும் போனார். எங்களுக்குக் காலையும் அவருக்கு இரவுமாக இருக்கும் நேரத்தில் வீடியோ காலில் வருவார். நான் "ஹாய் அப்பா" என்று சொல்லிவிட்டு, ஐபேடை அம்மாவின் பக்கம் திருப்பிவிட்டு ஷூ மாட்டப் போய்விடுவேன்.

அடுத்த கோடை விடுமுறைக்கு நானும் அம்மாவும் அவரைப் பார்க்கப் போனோம். எங்கள் கோடை அங்கே குளிர்காலம். சிட்னி விமான நிலையத்தில், தாடி வைத்து, யாருக்கோ தைத்தது போன்ற ஒரு கனமான ஜாக்கெட்டுக்குள் நின்றிருந்தார் அப்பா. அங்கிருந்து அவர் ஊருக்குக் காரில் பாதி நாள் பயணம். கார் சாலையின் இடப்பக்கமாகவே போனதால் ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டியில் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் வாய் மூடவே இல்லை. எந்தச் செம்மறியாட்டுக்குக் கம்பளி அதிகம், எந்த மரம் பட்டையை உரித்துக்கொண்டு நிற்கும், போன காட்டுத்தீயில் எந்தச் சரிவு எரிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாம்பேட் என்றொரு பிராணி சதுரக் கட்டிகளாகக் கக்கா போகும் என்று அவர் சொன்னபோது மட்டும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். இப்போது ஜெர்சி சிட்டியில் தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து வரும்போது லிஃப்டில் யாராவது உபசாரத்துக்கு "எப்படிப் போச்சு இன்னிக்கு?" என்று கேட்டால், என் பதில் அவர்களுடைய மாடியைத் தாண்டியும் நீண்டுவிடுகிறது. அப்பா அன்று பேசிய பேச்சை இப்போது என்னால் அடையாளம் காண முடிகிறது.

அவர் வாடகைக்கு எடுத்திருந்தது தகரக் கூரை போட்ட மரவீடு. ஜன்னலைத் திறந்தால் புல்வெளி, அதற்கப்பால் மேகம். மேகத்துக்குள் மலை இருக்கிறது என்றார் அப்பா. ஓர் அறைக்கு எனக்குப் பிடித்த ஊதா வண்ணம் அடித்து, ஒரு படிப்பு மேஜையும் போட்டு வைத்திருந்தார்.

"விடுமுறைக்கு எதுக்குப்பா மேஜை?" என்று கேட்டேன்.

"சும்மாதான் கண்ணா. சேல்ல இருந்துச்சு."

மறுநாள் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். தெரு என்றால் ஒரே தெரு. பேக்கரியில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு முன்பல் முளைத்துவிட்டதா, வயலினில் அந்தக் கஷ்டமான பாடம் வந்துவிட்டதா, என் வகுப்புத் தோழி என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாளா என்று அடுக்கிக்கொண்டே போனாள். முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு என் வாய்க்குள் எத்தனை பல் என்பது வரை தெரிந்திருந்ததில் எனக்கு அவமானமாகிவிட்டது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தாள். அப்பா பன் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் காரின் வேகத்தைக் குறைத்து, "கிரவுண்டு எவ்ளோ பெருசு பாத்தியா?" என்றார். கிளினிக்கின் முன்னாலும் வேகம் குறைந்தது. "டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வராரு. நர்ஸுக்கு ரொம்ப டிமாண்ட் இங்க" என்றார் பொதுவாக. அம்மா நர்ஸ்தான்.

மலையைக் காட்டுவதற்கு மட்டும் நாள் கிடைக்கவில்லை. தினமும் மழை. அப்பா காலையில் எழுந்ததும் ஃபோனில் வானிலை பார்ப்பார், பிறகு நம்பாமல் வாசலுக்குப் போய் நேரிலும் பார்ப்பார். நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் வானம் வெளுத்தது. எலுமிச்சை சாதமும் ஃப்ளாஸ்கில் ஹாட் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு எங்களை அவசர அவசரமாகக் காரில் ஏற்றினார். பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஓரத்தில் பனி கண்டேன், வாழ்க்கையில் முதல்முறையாக. முறுக்கிக்கொண்டு நின்ற வெள்ளை மரங்களைத் தாண்டி உச்சிக்கு வந்து இறங்கினால், எதுவுமே இல்லை. கம்பித் தடுப்புக்கு அப்பால் பால் கொட்டினாற்போலப் பனிமூட்டம்.

அப்பா அசரவில்லை. தடுப்போரம் நின்று கையை நீட்டினார். "இந்தப் பக்கந்தான் பெரிய பீக். அதுக்குக் கீழ ரிவர் அப்படியே வளைஞ்சு போகும். ஈவினிங்ல மலை எல்லாம் ஊதாவாயிடும் கண்ணா, உன் கலர்."

"எல்லாம் வெள்ளையாத்தான்பா இருக்கு" என்றேன்.

"வெயிட் பண்ணு. இப்ப கிளியர் ஆயிடும்."

கிளியர் ஆகவில்லை. அம்மாவுக்குப் பல் கிட்டியது. காருக்குள் வந்து உட்கார்ந்தோம். எங்கள் மூச்சில் கண்ணாடியெல்லாம் மங்கிப்போனது. சாப்பிட்டு முடித்த பிறகும் அப்பா கிளம்புவதாகத் தெரியவில்லை. அம்மா டிஃபன் டப்பாவை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. ஆனா நான் இங்க என்னங்க பண்ணுவேன்?"

அவள் அந்தக் கார் நிறுத்துமிடத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பின் சீட்டிலிருந்து யோசனை சொன்னேன்: "ஹீட்டர் போட்டுட்டு கார்லயே உக்காந்துக்கோங்கம்மா."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் நகைச்சுவையாக ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் சேர்ந்துகொண்டேன். சிரிப்பு நின்ற பிறகு ஹீட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது. அம்மா துப்பட்டாவால் தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்திலும் வெள்ளைதான் தெரிந்தது. அப்பா காரைக் கிளப்பினார்.

பாதி மலை இறங்கியிருப்போம். பின் கண்ணாடி வழியாக எதேச்சையாகத் திரும்பிப் பார்த்த நான் கத்திவிட்டேன். அப்பா ஓரமாக நிறுத்தினார். மூவரும் இறங்கினோம். பனிமூட்டம் விலகி, நீலத்துக்குப் பின்னால் நீலமாக, கடைசி வரிசையில் வெண்மையாக, மலைகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. கீழே ஆறு, அவர் சொன்னது போலவே வளைந்து போயிற்று. ஒரு வீடு இல்லை, ஒரு கார் இல்லை, எங்கள் மூச்சைத் தவிர ஒரு சத்தம் இல்லை.

அத்தனை நாளும் ஓயாமல் பேசிய அப்பா இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மலையையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகாத்தாங்க இருக்கு" என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துபோனது எனக்கு எப்படித் தெரியும்? அப்பா "ம்" என்றார். அம்மா ஃபோனை எடுத்து, "அங்க நில்லுங்க, உங்கள ஒரு ஃபோட்டோ எடுக்கறேன்" என்றாள். அவர் போய் நின்றார், மலைகளுக்கு முன்னால், அந்தப் பெரிய ஜாக்கெட்டில், தனியாக.

மறுநாள் சிட்னிக்குத் திரும்பும் வழியில் அப்பா அதிகம் பேசவில்லை. சொல்ல வேண்டிய ஆடுகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் மிடில் ஸ்கூல் முடிக்கும் வரை அவர் அங்கேதான் இருந்தார்.

அந்த வருஷம் பள்ளி திறந்த வாரம், விடுமுறையில் பார்த்ததை வரையச் சொன்னார்கள். என் தாள் முழுவதும் ஊதா மலை. அதன்மேல் ஒரே ஒரு சின்ன மனிதர். இது யார் என்று டீச்சர் கேட்டார். எங்கள் அப்பா, அங்கேதான் இருக்கிறார் என்றேன். வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றார். யாருமே இல்லை, அப்பா மட்டும்தான் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். ஒரு மலையையே தனக்கென்று வைத்திருக்கும் அப்பா அந்த வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.