நீக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

நாலு வருடமாக ஓர் ஐரோப்பிய எழுத்தாளரின் நாட்குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கடலோரச் சிறு நாடு ஒன்றில், ஒரு மாடி அறையில், கடைசிக் காலம் முழுவதும் தனியாக இருந்து எழுதிச் செத்த மனிதர். அவருடைய மொழி எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. நம்மில் பலர் ஐரோப்பாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தது போல நானும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கொண்டுவந்தேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. மற்றவன் செய்யாததை நான் செய்கிறேன் என்ற தலைக்கனம்தான் இருந்தது.

நான் குடியேறிய நகரத்தின் ஒரு கோடியில், மல்வேர்னில், பன்னிரண்டாம் மாடியில் எனக்கு இரண்டு அறை. மனைவி போன பிறகு ஒன்றே போதும். அவள் இறந்த அடுத்த வாரத்திலிருந்து என் தங்கை ஞாயிறுதோறும் வரத் தொடங்கினாள். கல்யாணம் கட்டாதவள். இருப்பது ரெக்ஸ்டேலில், நகரத்தின் மறுகோடியில். மூன்று பஸ் மாறி, ஐஸ்கிரீம் பெட்டிகளில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வருவாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள். பிரிட்ஜைத் துடைப்பாள், யார் பிள்ளை எங்கே வீடு வாங்கியது என்று சொல்லுவாள், என் மேசைக் கடதாசிகளை அடுக்கி வைப்பாள். அடுக்கிய பிறகு எனக்கு ஒன்றும் அகப்படாது.

அந்த எழுத்தாளர் அப்போது என் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். யாரும் வராத அறை, யாருக்கும் பதில் எழுதாத மனிதர். எழுதுகிறவன் என்றால் இப்படியல்லவோ இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு சனிக்கிழமை தங்கைக்குப் போன் எடுத்து, புத்தகம் முடியும்வரை வர வேண்டாம் என்றேன். ஓம் அண்ணை என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த நாட்குறிப்பில் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. திங்கள் முதல் சனி வரை ஒழுங்காக எழுதுவார், ஞாயிறு மட்டும் காணாது. கண்ணில் பட்டதும் விட்டேனா? முன்னுரையில் அதற்கென்றே மூன்று பக்கம் எழுதினேன். வாரத்தில் ஒருநாள் பேனாவையும் தொடாத பெருந்தனிமை, மௌனத் தவம், அது இது என்று. நண்பர்கள் இருவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார்கள். எங்கள் ஆட்கள் எந்த முன்னுரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டில் ஆள் சத்தமே இல்லாமல் போனதால் பகலில் நூலகத்தில் போயிருந்து எழுதினேன். அங்கே எதிர் மேசையில் பத்திரிகை வாசிக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, என் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, இவர் எங்கள் ஊர்க்காரர் என்றார். அடுத்த வாரம் மூலப் புத்தகத்தையே கொண்டுவந்தார். என்னுடையதைவிட நல்ல தடிப்பு. ஏன் இவ்வளவு தடிப்பு என்று கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டி, விரலை வைத்து வைத்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள்.

எழுத்தாளருக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறார். ஞாயிறுதோறும் படகேறி வந்து, கிழங்கு அவித்து, சட்டைக்குப் பொத்தான் தைத்து, வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போயிருக்கிறார். மனிதர் ஒவ்வொரு வாரமும் அக்காவைத் திட்டியிருக்கிறார், அதையும் பக்கம் பக்கமாக. கடல் உறைந்து படகு ஓடாத ஞாயிறுகளில் துறையில் போய் நின்றுவிட்டுத் திரும்பியதையும் எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பதிப்பாளருக்கு இதெல்லாம் வெறும் குசினி அடுப்படிக் கதையாகத் தெரிந்திருக்கும், வெட்டிவிட்டார். குடும்ப விஷயங்கள் சில சுருக்கப்பட்டுள்ளன என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியையும் நான்தான் அழகாகத் தமிழாக்கியிருந்தேன்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முகம் எரிந்தது. முன்னுரையை நினைத்து வந்த வெட்கம் என்றுதான் முதலில் எண்ணினேன். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அழுகை வந்தது. எனக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அங்கேயே நின்று போன் எடுத்தேன். புத்தகம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த ஞாயிறு வா என்றேன்.

"ஞாயிறு எனக்கு வேலை அண்ணை," என்றாள்.

உனக்கு ஞாயிறில் ஒருநாளும் வேலை இருந்ததில்லையே என்றேன்.

"நீங்கள் வர வேண்டாம் எண்டாப் பிறகு, ஞாயிறு வந்தா வீட்டில இருக்க ஏலாமல் கிடந்தது. அதுதான் நானாக் கேட்டு எடுத்தனான்."

அப்படியென்றால் நான் வருகிறேன், வேலை முடிகிற நேரம் வாசலில் வந்து நிற்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணை. வேலை முடிஞ்சா எனக்குக் களைப்பு. ஆரோடையும் கதைக்க மனம் வராது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பேன். புத்தகம் நல்லா வருதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். நல்லது, சுகமாயிருங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.