கறி இல்லாத கிறிஸ்மஸ்

என் மாமியார் இயேசு படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த அன்றுதான் இந்த வீடு எனக்குப் பிடித்துப்போனது. இப்போது இப்படிச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது அழுகையும் பசியும்தான். பசி வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அது எங்கள் குடும்ப வியாதி.

நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்த கையோடு சுங்குவார்சத்திரம் அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் லைனில் மெஷின் பழுது பார்க்க ஒருவர் வருவார். மெஷின் நன்றாக ஓடுகிற நாளிலும் அவர் வர ஆரம்பித்தபோது, சூப்பர்வைசருக்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், இந்து. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். என் அப்பா வரவில்லை, அம்மாவையும் விடவில்லை. போனில் அவர் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: "அந்த வீட்டுக்குப் போனா இனிமே உனக்குக் கிறிஸ்மஸ் கிடையாது, பாத்துக்கோ."

வேறு எது சொல்லியிருந்தாலும் திருப்பிச் சொல்லியிருப்பேன். இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் என்றால் கறிதான். விடியற்காலை ஆராதனைக்குப் போகும்போதே அடுப்பில் ஆட்டுக்கறி ஏறியிருக்கும். திரும்பி வந்ததும் புதுத்துணியோடு உட்கார்ந்து இட்லியும் கறிக்குழம்பும். தெரு முழுக்க அந்த வாசனை அடிக்கும். பிரசங்கத்தின் நடுவிலேயே எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். அதைச் சாப்பிட்டால்தான் இயேசு பிறந்தார் என்று சின்ன வயதில் உறுதியாக நம்பியிருந்தேன்.

மாமியார் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமனார் என் கணவரின் பள்ளிக்கூடக் காலத்திலேயே தவறிவிட்டார். அத்தை ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மூட்டை மூட்டையாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் நறுக்குகிற வேலையில் இருந்தார். என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு மாறிவிட்டார். இந்த வீட்டில் பண்டிகைக்குக் காலண்டர் மட்டும் பார்த்தால் போதாது, ஷிப்டும் பார்க்க வேண்டும். பொங்கலன்றுகூட அவர் ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகுதான் பானை பொங்கும். நல்ல நேரம் போய்விட்டதே என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "எம் புள்ள வர்ற நேரந்தான் நல்ல நேரம்" என்பார் அத்தை. எல்லோரும் சேர்ந்து உட்காராமல் இலை போடுவது அவருக்கு ஆகாது.

கல்யாணமான பிறகு வந்த முதல் டிசம்பரில் ஒரு நாள் அத்தை கேட்டார். "இன்னா கண்ணு, உங்க பண்டிகை என்னிக்கி வருது?" சொன்னேன். மறுநாளே கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு வந்தார். தீபாவளிக்குக்கூட ஓவர்டைம் பார்த்தவர் அவர். "எங்க மருமவ பண்டிகை, என்னால வர முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்று அடுக்களையில் நின்று பெருமையாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கறியும் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

கிறிஸ்மஸ் அன்று அதிகாலையில் பக்கத்துச் சர்ச்சில் ஆராதனை முடித்துவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். வாசல் நிறைய நட்சத்திரக் கோலம். நிலையில் மாவிலைத் தோரணம். வீடு முழுக்கக் கழுவிவிட்டு ஈரம் காயாமல் இருந்தது. என் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே நான் வைத்திருந்த இயேசு படம் இப்போது முருகனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். அத்தை தலைக்குக் குளித்து ஈர முடியை முடிந்துகொண்டு நின்றார்.

"சூடம் காட்டலாமா, இல்ல மெழுவத்தி மட்டுந்தானா?"

"மெழுகுவத்தி போதும் அத்தை" என்றேன். மூக்கு வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. நெய் வாசனை வந்தது, ஏலக்காய் வந்தது, பருப்பு வேகிற வாசனை வந்தது. மெல்ல ஆரம்பித்தேன். "அத்தை, கறி..."

"தெரியும் கண்ணு, பயப்படாத" என்றார். "வூட்ல கவுச்சி வாடையே இல்லாம கழுவி வுட்டுட்டேன். கருவாட்டுச் சட்டியகூட வெளிய வெச்சிட்டேன். சாமி பொறந்த நாளாச்சே, நான் வுடுவனா?"

அப்போதுதான் கவனித்தேன். எழுந்ததும் டீ இல்லாமல் அசைய மாட்டாத அத்தை அன்று டீயே போடவில்லை. கேட்டதற்கு, விரதம் என்றார். புரட்டாசி சனிக்கிழமைக்கு இருப்பது போல, சஷ்டிக்கு இருப்பது போல, என் சாமிக்கும் பட்டினி இருந்தார். மகன் ஷிப்ட் முடிந்து வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இலை போடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

மூன்று மணிக்கு மேல் அவர் வந்தார். தலைவாழை இலையில் சாம்பார், கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். அவர் இலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நண்பர்கள் வீட்டில் கிறிஸ்மஸ் பிரியாணியை ஒரு கை பார்த்தவர் அவர். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று புருவத்தால் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அம்மா நெனப்பு வந்துடுச்சா?" என்று அத்தை இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். பசியோடு இருக்கிற ஒருத்தி நமக்குப் பரிமாறும்போது குறை சொல்ல என்னைப் போன்ற வாயாடிக்கும் வாய் எழும்பவில்லை.

அடுத்த வருஷம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் நவம்பரிலேயே அத்தை லீவு சொல்லிவிட்டார். பாயசத்துக்கு முந்திரி கூடுதலாக வாங்கினார். நான் எங்கே சொல்ல? இப்படியே வருஷங்கள் ஓடின. போகப்போக எனக்கும் அந்த மூன்று மணி இலை பழகிப்போனது. பழகியது என்ன, டிசம்பர் வந்தால் அதற்காகக் காத்திருக்கவே தொடங்கினேன். அத்தையிடம் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது. எங்கள் கம்பெனியில் நன்றிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு மீட்டிங்கும் 'தேங்க்யூ டீம்' என்றுதான் முடியும். வீட்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "இன்னா, வெளியாளு மாதிரி பேசுற?" என்று அத்தை முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு டிசம்பரில் அம்மாவின் போன் வந்தது. அப்பாவின் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் வருகிற அளவுக்கு இறங்கவில்லை. "கிறிஸ்மஸ்க்குப் போயி அந்த வீட்டைப் பாத்துட்டு வா" என்று அம்மாவை மட்டும் அனுப்புகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா திரும்பிப் போய் என்ன சொல்கிறாளோ அதுதான் தீர்ப்பு. நல்லபடியாகச் சொன்னால் எனக்குப் பிறந்த வீடு திறக்கும். இல்லாவிட்டால் அந்தக் கதவு அப்படியே மூடிக் கிடக்கும்.

செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, அங்கே அழைக்கப் போயிருந்த என்னோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள் அம்மா. பையில் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஒரு டப்பா கறி மசாலா. அத்தை வாசலுக்கே ஓடி வந்து, "வாங்க சம்மந்தியம்மா" என்றார். அம்மா சிரித்தாள். ஆனால் பதிலுக்கு முறை சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தியம்மாவை மைனி என்பார்கள். அன்று முழுக்க அம்மா என்னிடம் 'உங்க வீட்டம்மா' என்றே பேசினாள். இயேசு படத்தின் குங்குமத்தைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த படங்களையும் பார்த்தாள். கறி விஷயத்தை அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மசாலா டப்பாவோடு அடுக்களைக்குள் போனாள். "கறி எடுத்தாச்சா? பெரிய சட்டி எங்க இருக்கு?"

"கறியா? இன்னிக்கா?" அத்தை திகைத்துப்போனார். "சாமி நாளாச்சே சம்மந்தியம்மா!"

"கிறிஸ்மஸ்க்குக் கறி இல்லாம என்ன? இத்தன வருசமா எம்பிள்ளைக்கு என்னத்தப் போட்டிய?"

அம்மாவின் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிசு. அத்தை என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "ஒரு வார்த்த சொல்லலியே கண்ணு" என்றார். "பின்னாடி தெரு கிறிஸ்டினுங்க வூட்லேர்ந்து பிரியாணி வாசன வரும். அவுங்கதான் சுத்தபத்தம் இல்லாம தப்பா செய்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். நம்ம வூட்லனா சரியா செய்யணும்னு..." ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். "தோ, ஓடிப்போயி வாங்கியாந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். இரண்டடி வைத்தவர் தள்ளாடி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் சாப்பிடல, அதான்" என்றேன். "அத்தை இன்னைக்கு விரதம்மா. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இருப்பாங்க. அவர் வந்து இலை போடுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாங்க. சாமி பொறந்த நாளாம். நம்ம சாமி."

அம்மா மசாலா டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் அத்தையின் கையிலிருந்து பையை வாங்கினாள்.

"செருப்பக் கழத்துங்க மைனி" என்றாள். "எம்பிள்ள சாமிக்காக நீங்க பட்டினி கெடக்கிய. நான் கறி திங்கவா ரயிலேறி வந்தேன்?"

மைனி என்ற சொல் அத்தைக்குப் புரியவில்லை. என்னிடம் திரும்பி, "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார். "சம்மந்தியம்மான்னு சொல்றாங்க அத்தை" என்றேன். அம்மா அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, வடைக்கு மாவு அரைக்கப் போனாள். நான் கொடுத்த காபியைத் தள்ளி வைத்துவிட்டாள். மூன்று மணிவரை அவளும் ஒன்றும் தொடவில்லை. பசி வந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி கோபப்படாமல் இருந்தது அன்றுதான்.

சாயங்காலம் அம்மா மாடியில் நின்று அப்பாவிடம் போனில் பேசியது துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது. "இருக்குங்க, இங்க கிறிஸ்மஸ் இருக்கு" என்றாள். "நம்ம வீட்டவிடக் கொஞ்சம் கூடவே இருக்கு." துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருஷம் அப்பாவும் வந்தார். மூன்று மணி இலையில் முணுமுணுக்காமல் சாப்பிட்டு, பாயசம் இன்னொரு முறை கேட்டார். மறுநாள் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் என்று அத்தையும் அம்மாவும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அம்மா கொண்டுவரும் மசாலாவில் அத்தை வைப்பார். அம்மா வைப்பதைவிட நன்றாக இருக்கும். அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன கிறிஸ்மஸுக்கு அத்தையால் விரதம் இருக்க முடியவில்லை. சர்க்கரை வந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் இருக்கிறேன் அத்தை, உங்களுக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று எத்தனை சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. காலையில் இயேசு படத்துக்குக் குங்குமம் வைத்தவர், தட்டில் இட்லியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டார்.

"நீ சொல்லு கண்ணு அவராண்ட" என்றார் திரும்பாமலே. "மாத்திரைக்குத்தான்னு சொல்லு."

நான் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடினேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருஷமாக அத்தை முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் வைத்திருந்த நன்றியை, கழுவிவிட்ட வீட்டுக்கும் வெளியே வைத்த கருவாட்டுச் சட்டிக்கும் சேர்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னா இவ்ளோ நேரம் சொல்லிகினு கீற?" என்றார் கலக்கத்தோடு. "ரெண்டு இட்லிதான துன்னேன்?"