ஃபேன் போட்ட குற்றம்

காலை 10.30. கோவை காந்திபுரத்தில் ஏறிய பேருந்து அவிநாசியைத் தாண்டியபோது ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. மே மாதம். ஐம்பத்து நான்கு கிலோமீட்டர், டிக்கெட் பதினேழு ரூபாய். திருப்பூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து ராயபுரத்துக்கு ஆட்டோ இருபத்தைந்து ரூபாய்.

"பனியன் கம்பெனிக்குங்களா? வெளிய வெயிலுங்க சார், உள்ள அடுப்புங்க" என்றார் ஆட்டோக்காரர்.

11.15. ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று பத்திரிகையில் எழுதுவதற்காகத்தான் போயிருந்தேன். தகரக் கூரை போட்ட கட்டிங் பிரிவில் நீண்ட மேஜையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டிருந்தார்கள். 'லே' போடுவது என்று பெயர். மேலே ஆறு மின்விசிறிகள் இருந்தன. ஒன்றும் சுற்றவில்லை.

"லே போடறப்ப ஃபேன் போட மாட்டமுங்க. மெல்லிசுத் துணி, காத்துக்குச் சுருண்டுக்கும். அளவு போச்சுன்னா அத்தனையும் வேஸ்ட்டுங்க" என்று விளக்கினார் சூப்பர்வைசர் சுப்பிரமணி.

12.10. மேஜையின் எதிர்முனையில் துணி இழுத்துக்கொண்டிருந்தவர் முருகேசன். மடத்துக்குளத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். திடீரென்று, ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருப்பவர்போல, பக்கத்தில் இருந்தவரிடம், "உடுமலை வந்துருச்சு, எறங்கு, எறங்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துணியின் நுனியைப் பிடிக்கப் போய் இரண்டு முறை காற்றைப் பிடித்தார். நடை தள்ளாடியது.

"காலைலயே ஊத்தீட்டு வந்துட்டாருங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். "போயி ஒரு ஓரமாப் படுங்க மாப்ள."

ஓரம் வரை அவர் போகவில்லை. மேஜைக்கால் அருகே விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை டம்ளரில் கொண்டு வந்து வாயைத் திறக்கப் பார்த்தார்.

"வாயில ஊத்தாதீங்க! நினைவில்லாத மனுசனுக்கு மூச்சுக் குழாயில எறங்கிரும்."

குரல் செக்கிங் மேஜையிலிருந்து வந்தது. தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த ஜெசிந்தா. ஓடி வந்து முருகேசனின் வாயருகே முகர்ந்தார், பிறகு நெஞ்சில் புறங்கையை வைத்தார்.

"சாராய வாடையே இல்ல. உடம்பு கொதிக்குது. இது போதையும் இல்ல, வலிப்பு நோயும் இல்ல, சூடு. எங்க அண்ணன் உப்பளத்துல இப்படித்தான் ஒளறினான். குடிச்சிருக்கான்னு நெழல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் பொணமாத்தான் தூக்கினோம்."

பேசிக்கொண்டே சுவருக்குப் போய் ஆறு சுவிட்சுகளையும் தட்டினார். மேஜை மேல் துணி அலை அலையாக எழுந்தது.

"ஏனுங்க அம்மிணி! லே கலைஞ்சு போச்சுங்க! நாளைக்கு ஷிப்மென்ட்டுங்க!" சுப்பிரமணி சுவிட்சை நோக்கி ஓடினார். ஜெசிந்தா வழியை மறித்து நின்றார்.

"துணிய மறுபடி விரிக்கலாம் அண்ணாச்சி. இவர விரிக்க முடியுமா?"

மேஜையிலிருந்து வெள்ளைத் துணியையே கை நிறைய உருவி வாளித் தண்ணீரில் முக்கினார். சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து கால் வரை ஈரத்துணி போட்டார்கள். அது சூடானதும் எடுத்து மறுபடி நனைத்தார்கள். "பாத்துக்கிட்டே நிக்குதீங்களே சார், ஐஸ் வாங்கிட்டு வாங்க" என்று என்னையும் விரட்டினார். தெருமுனை ஜூஸ் கடையில் பத்து ரூபாய்க்குக் கட்டி வாங்கி ஓடினேன். துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்தின் இரு பக்கமும் தொடை இடுக்கிலும் வைத்தார்.

12.35. கம்பெனி வேன் வந்து நின்றது. "தூக்குங்க, ஏத்துங்க" என்று அவசரப்பட்டார் மாஸ்டர்.

"இருங்க மாஸ்டர். மொதல்ல சூடு எறங்கட்டும். ஏத்தினாலும் ஈரத்துணியோடதான், ஜன்னலத் தொறந்துதான்."

12.50. முருகேசன் கண் திறந்து, "எவண்டா என் சட்டையக் கழட்டுனது?" என்றார். அந்தக் கூரையின் கீழ் அன்று நான் கேட்ட நல்ல செய்தி அதுதான். ஈரத்துணியோடு வேனில் ஏற்றினோம்.

1.20. மருத்துவமனையில் வெப்பமானி நூற்றிரண்டு காட்டியது. "தணிச்சுட்டுக் கொண்டு வந்தீங்க. அப்படியே தூக்கிட்டு ஓடி வந்திருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது" என்றார் மருத்துவர். ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார். வெயில் காலத்தில் ஒருவர் வேலையிடத்தில் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். சிரித்த எங்கள் எல்லோருக்குமான பேச்சு அது.

மாலை 4.30. கம்பெனிக்குத் திரும்பினேன். முதலாளி தொலைபேசியில் உத்தரவிட்டிருந்தார்: ஃபேன் போட்டு லேயைக் கெடுத்ததற்கு ஜெசிந்தா விளக்கக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் நாளை வர வேண்டாம். ஜெசிந்தா செக்கிங் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சுப்பிரமணி குனிந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "இனிமேல் இப்படி நடக்காதுன்னு கடைசில ஒரு வரி போட்டுருங்க அம்மிணி. அதோட உட்டுருவாருங்க."

"நடக்கும் அண்ணாச்சி. யாரு விழுந்தாலும் நடக்கும்."

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். சுப்பிரமணி இரண்டு முறை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கீழே 'நான் உடனிருந்தேன்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

5.50 பேருந்தில் கோவைக்குத் திரும்பினேன். பத்திரிகை அலுவலகத்தில் பன்னிரண்டு வருடங்களில் மூன்று விளக்கக் கடிதங்கள் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் நான் செய்தது சரி. மூன்றின் கடைசி வரியும், இனிமேல் இப்படி நடக்காது.