ஐந்தாம் வார்த்தைக்கு ரெண்டு நிமிஷம்

பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தைகள் ஏழு. ஆளுக்கொரு வார்த்தையாக ஏழு பேர் பேச வேண்டும், ஆளுக்கு இருபது நிமிடம், நடுநடுவே பாட்டு. ஏற்பாடு என்னவோ ஒழுங்கானதுதான். ஆனால் விளாங்குடி சபையில் அது ஒரு வருடமாவது ஒழுங்காக நடந்ததாக ஞானத்துக்கு நினைவில்லை.

ஞானம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் வெளியே காட்டத் தெரியாது. வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிடுவார். பதினொரு வருடமாக அவருக்கு ஐந்தாம் வார்த்தைதான். ‘தாகமாயிருக்கிறேன்.’ ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியதும் சபைச் செயலர் பட்டியலோடு வந்து நிற்பார்.

“ஒத்த வார்த்ததானண்ணே, அதுல பேச என்ன கெடக்கு? நீங்களே வச்சுக்கங்க.”

முதல் வார்த்தை, ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்,’ ஆசீர்வாதம் என்பவருக்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஞானத்தின் மனைவி சுகிர்தத்துக்கு அண்ணன். மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொன்னால், தன்னை மேலூருக்குத் தூக்கியடித்த அதிகாரியில் ஆரம்பித்து, தான் இதுவரை மன்னித்தவர்கள் அத்தனை பேரையும் ஊர் பேரோடு சொல்லி முடிப்பார். முன்பெல்லாம் அரை மணியில் விட்டுவிடுவார். இந்த நாலைந்து வருடமாக ஐம்பது நிமிடத்துக்குக் குறைவதே இல்லை. அவரே அவ்வளவு பேசினால் நாம் மட்டும் இளைத்தவர்களா என்று அடுத்த மூன்று பேரும் இழுப்பார்கள். ஞானம் எழுந்திருக்கும்போது மணி இரண்டரையைத் தாண்டியிருக்கும். போதகர் ஒன்றும் பேசாமல் இரண்டு விரலைக் காட்டுவார். ரெண்டு நிமிஷம். எழுதிக் கொண்டுவந்த பதினாலு பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாலஸ்தீனத்து வெயிலைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

வெறும் பேச்சாசை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். அப்படியில்லை. அவருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டில் சுகிர்தத்துக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் ஆசீர்வாதம் வந்து தங்கச்சி பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தார். அதற்குள் ஞானம் மருந்து வாங்கி வந்தார். ஆசீர்வாதம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு சுகிர்தம் கேட்க ஆரம்பித்தாள். “ஒரு வாய் தண்ணி தாங்க.” கூஜா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஞானம் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அதட்டவே செய்தார். நாலு மணிக்கு உயிர் போய்விட்டது.

ஓடிவந்த ஆசீர்வாதம் கேட்டது ஒன்றே ஒன்று. “கடைசியா எதுவும் கேட்டாளா மாப்ள?”

“ஒண்ணும் கேக்கல மச்சான்.”

அந்தப் பொய்யோடு ஞானத்தால் வேதாகமத்தை நிம்மதியாகத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய பகுதியைப் படித்து நோட்டில் நாலு வரி எழுதுவது அவர் வெகுநாள் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகைக் காலத்தில் திறந்தால் யோர்தான் நதி. கிறிஸ்துமஸ் முடிந்து மூச்சு விடுவதற்குள் கானாவூர்க் கற்சாடிகள், விளிம்பு வரை தண்ணீர். லெந்தில் சமாரியப் பெண்ணின் கிணற்றடி. அங்கேயும் ஆண்டவர் தண்ணீர்தான் கேட்கிறார். திரித்துவ ஞாயிறு தாண்டினால் நரகத்தில் கிடக்கும் ஐசுவரியவான், விரல் நுனியை நனைத்து நாக்கில் வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். அந்தப் பக்கத்துக்கு அவர் ஒரு வருடம்கூட ஒரு வரி எழுதியதில்லை. தண்ணீர் இல்லாத பக்கமே இந்தப் புத்தகத்தில் கிடையாதா என்று ஒருநாள் எரிச்சலில் மூடி வைத்தார். மறுவாரம் திரும்பவும் திறந்தார், வேறு என்ன செய்வது?

மச்சான் முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்ல நா எழவில்லை. பலிபீடத்துக்கு முன்னால் நின்றால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதற்குத்தான் அந்த இருபது நிமிடம். அதைத்தான் வருடா வருடம் அந்த மச்சானே தின்று தீர்த்தார்.

எண்பத்து மூன்றிலும் அதேதான். ஆசீர்வாதம் ஐம்பத்தைந்து நிமிடம் மன்னித்தார். ஞானம் எழுந்தபோது போதகரின் இரண்டு விரல்களும் தயாராக இருந்தன. சட்டென்று ஞானத்துக்குள் ஏதோ அறுந்தது. பதினாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“எம் பொஞ்சாதி சாகுறப்ப தண்ணி கேட்டா,” என்றார். “நான் குடுக்கல. ஒண்ணும் கேக்கலன்னு எங்க மச்சான்கிட்ட பொய் சொன்னேன்.”

உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்கு மணி அடித்துக் கூட்டம் கலைந்தது. ஞானம் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது ஆசீர்வாதம் மறித்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் ஞானம் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வதென்றும் நினைத்தார்.

“காலைல எங்கிட்டயும் கேட்டா மாப்ள,” என்றார் ஆசீர்வாதம். “நீ மருந்து வாங்கப் போயிருந்த. நர்ஸ் சொல்லிருக்காங்கம்மான்னு சொல்லிட்டு, அதுக்கு மேல கேக்க முடியாம பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டேன்.”

ஞானம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“நீ அந்த வார்த்தையப் பேசி, நான் உக்காந்து கேக்கணுமேன்னு பயம். அதான் வருசா வருசம் நேரத்த இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்துருக்கணும்.”

ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஞானத்துக்குத் தெரியவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மச்சான்?”

“நீ சொன்னியா?” என்றார் ஆசீர்வாதம்.