ஏழாவது டயரும் சுற்றியது

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ராஜபாளையத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். புது டயர் எங்கே தேடினாலும் கிடைக்காது. உள்ளதை வைத்துத்தான் ஓட வேண்டும்.

முதலாளி இறந்துபோயிருந்தார். அவர் சம்சாரம்தான் லாரியை நடத்தினார். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். முதலாளி கடைசியாக வாங்கியது ஒரு புது டயர். ஸ்டெப்னியாக வண்டியின் பக்கத்தில் மாட்டியிருந்தது. அந்த அம்மா அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் சாக்கை எடுத்துத் துடைப்பார். அது ரோட்டில் பட்டதே இல்லை.

ஒரே இடத்தில் ஓடும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதனால் முன்னால் உள்ளதைப் பின்னாலும் பின்னால் உள்ளதை முன்னாலும் மாற்றிப் போடுவேன். ஆறு டயரும் அப்படிச் சுற்றும். ஏழாவதும் சேர்ந்தால் எல்லாமே கூடுதலாக உழைக்கும். கேட்டுப் பார்த்தேன்.

"அத மட்டும் விட்ருப்பா. அவிய கை பட்டது" என்றார். விட்டுவிட்டேன்.

அவருடைய கொழுந்தனுக்கு லாரி மேல் கண். பொம்பளைக்கு எதற்கு லாரி, வித்துவிடலாம் என்று வந்து வந்து சொல்வார். அப்போது பருத்தி எடுக்கும் சமயம். கான்சாபுரத்தில் பருத்தி ஏற்றி ராஜபாளையம் மில்லுக்குக் கொண்டுவர வேண்டும். சாயங்காலச் சங்கு ஊதினால் மில் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

"நாளைக்குச் சங்குக்கு முன்ன லோடு உள்ள போகலன்னா வண்டிய வித்துருவோம் மதினி. பொறவு பேச்சு மாறக் கூடாது" என்றார் கொழுந்தன். அந்த அம்மாவும் சரி என்றார்.

மறுநாள் காலையில் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். வலது முன் டயரில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது.

"முன்னால வெடிச்சா ஸ்டியரிங் கைக்கு நிக்காதும்மா. பின்னால வெடிச்சா ஜோடி டயர் தாங்கிக்கிடும். ஸ்டெப்னியக் குடுங்க, முன்னால போடணும்" என்றேன்.

கொழுந்தன் சிரித்தார். "அதுக்கு ஞானஸ்நானமே குடுத்தாச்சு. மண்ணுல உருட்ட விடுவாவளா?"

அந்த அம்மா ஸ்டெப்னி பக்கம் போனார். சாக்கை அவிழ்த்தார். டயரை ஒரு தடவை தடவினார்.

"பூட்டுப்பா" என்றார்.

புது டயரை வலது முன்னால் பூட்டினேன். நூல் தெரிந்ததைப் பின்னால் உள்பக்கம் போட்டேன். அங்கே கழற்றியது ஸ்டெப்னி ஆயிற்று.

கொழுந்தனும் கூட வந்தார். லோடு ஏற்றித் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரை. ஒரு பக்கம் தண்ணீர். எதிரே வைக்கோல் வண்டி, மேலே ஆட்கள். பக்கத்தில் வரும்போது டமார் என்றது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"ஏசப்பா!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார் கொழுந்தன்.

ஸ்டியரிங் என் கையில் அசையவில்லை. மாட்டு வண்டியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"முன்னாலயாலே வெடிச்சுது?" என்றார் கொழுந்தன்.

"பின்னால. உள்பக்கம்."

வெடித்தது காலையில் முன்னால் இருந்த அதே டயர். அவர் கண்மாயை எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கி போட வந்தார். நட்டுக் கழற்றினார். கையெல்லாம் கிரீஸ்.

"சங்கு ஊதிருவானாலே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாம போற வரைக்கும் ஊத மாட்டான். ஏறுங்க."

மில் கேட்டில் அந்த அம்மா நின்றிருந்தார். வண்டி உள்ளே போய், லோடு இறக்கும்போதுதான் சங்கு ஊதியது. அவர் பருத்தியைப் பார்க்கவில்லை. நேராக முன் டயரிடம் வந்தார். அதில் கரிசல் மண் அப்பியிருந்தது. துடைப்பார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை.

"எப்படிப்பா ஓடுச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் கொழுந்தன் சொன்னார்: "அண்ணன் வாங்குனதுல்லா மதினி, அதான் ரெண்டு பேரும் முழுசா வந்து நிக்கோம்."

வண்டியை விற்கிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

அந்த அம்மா சாக்கை நாலாக மடித்து என் சீட்டில் போட்டார். "இனிமே மாத்தும்போது ஏழாவதையும் சேத்து மாத்து" என்றார்.

அதன் பிறகு பல வண்டி ஓட்டிவிட்டேன். கண்ணுக்குள் வைத்துக் காத்ததை அந்த அம்மா யோசிக்காமல் மண்ணில் இறக்கிவிட்டதால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுகிற ஒவ்வொரு தடவையும் ஸ்டெப்னியைத்தான் முதலில் கழற்றுவேன்.