செவ்வாய்க்கிழமைச் சிங்கம்

மியா அக்கா போய்விட்டார் என்று அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. "தூக்கத்துலயே போய்ட்டாங்க சித்தி, கஷ்டப்படல" என்றான். அந்த ஒரு சொல் ஆறுதலாக இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பலருக்கு அவர் 'பர்மாக்காரம்மா'தான். எங்கள் தெருக் கோதண்டம் மாமா ரங்கூனில் மரக்கடையில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் அங்கிருந்த நம்மவர்கள் கப்பலேறியபோது, பர்மியப் பெண்ணான தம் மனைவியோடு ஊர் திரும்பித் தறியில் உட்கார்ந்தார். அக்கா என் பக்கத்தில் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றினார். தமிழ் முன்பே ஓரளவு தெரியும். வசவுகளை மட்டும் என்னிடம் கற்றுக்கொண்டார்.

அவரை நான் முதலில் கூட்டிப்போனது ஏகாம்பரநாதர் கோயிலுக்கு. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர், "எங்க ஊருக் கோயிலெல்லாம் பொன்னா மின்னும். இங்க ஊரு முழுக்க ஜரிகை இருக்குது, கோபுரத்துல ஒரு தகடு பொன்னு ஒட்டலியே?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கோயில் பார்க்க வந்த கூட்டம் கோபுரத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. "எந்த ஊரும்மா? சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று பூக்காரி கேட்டாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "எங்க போனாலும் என்னை விருந்தாளி ஆக்கிடறாங்க சரோ" என்று வாசலில் நின்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைலாசநாதர் கோயிலில்தான் அவர் முகம் மலர்ந்தது. பர்மாவில் பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு உண்டாம். பகோடா என்கிற புத்தர் கோயிலில் அவரவர் கிழமை மூலைக்குப் போய் நீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்களாம். அக்கா செவ்வாய்க்கிழமை பிறந்தவர், அவருடையது சிங்கம். கைலாசநாதரிலோ தூணுக்குத் தூண் சிங்கம்! அடுத்த செவ்வாயே சொம்போடு வந்து, ஒரு சிங்கத்தின் தலையில் ஊற்றியும் விட்டார்.

காவலாளி ஓடி வந்தார். "இன்னாம்மா பண்றே? மணல்கல்லும்மா, கரைஞ்சி பூடும்!"

அக்கா முந்தானையால் சிங்கத்தின் தலையைத் துடைக்கத் தொடங்கினார். பொன் கேட்டாலும் கேட்பார், கோயிலுக்குக் கெடுதல் செய்கிறவர் இல்லை. நான் கெஞ்சிய கெஞ்சலில் காவலாளி இறங்கி வந்தார். "சிங்கத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கோ. தண்ணிய அந்த அரளிச் செடிக்கு ஊத்து. செடியும் காஞ்சிக்கினு கெடக்குது." அன்றிலிருந்து செவ்வாய்தோறும் அதுதான் நடந்தது. அரளி ஆள் உயரம் வளர்ந்தது.

பிறகு ஒருநாள் காவலாளி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த கைடு வெள்ளைக்காரங்களுக்கு உன்னைக் காட்டி இன்னா சொல்றான் தெரியுமா? பல்லவ ராஜா காலத்துப் பழக்கமாம்!" வெள்ளைக்காரர்களோடு நிற்கவில்லை. எங்கள் தெருப் பெண்களும் கணவரின் கிழமை, பிள்ளையின் கிழமை என்று சொம்பு தூக்க ஆரம்பித்தார்கள். வாரத்தில் ஏழு நாளும் அரளிக்குக் குளியல்தான்.

எழுபதுகளில் ஒரு செவ்வாய். பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்தி செடியருகே நின்றிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், "வெளியூராம்மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப்போனேன், அக்கா என் கையை அழுத்தினார். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்: "முதல்ல சிங்கத்தைக் கும்பிடணும். அப்பால செடிக்குத் தண்ணி. இங்க எங்க ஊர்ல ரொம்ப காலமா இப்படித்தான் செய்றாங்கம்மா."

அக்கா அவள் சொன்னபடியே, ஒன்றும் தெரியாதவர்போல, சிங்கத்தைக் கும்பிட்டு நீர் ஊற்றினார். தெருமுனை திரும்பியதும்தான் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கண்டதில்லை. "நான் கொண்டாந்தது ஊரோடதா ஆயிடுச்சு சரோ. இனிமே என்னை யாரு எந்த ஊருன்னு கேட்டா என்ன?"

நான் வியாழக்கிழமை பிறந்தவள். அந்தக் கணக்கில் என் விலங்கு எலி. நான் முகத்தைச் சுளித்தபோதெல்லாம், "உனக்கென்ன குறை? ஒவ்வொரு பிள்ளையார் காலடியிலயும் உன் ஆளு உக்காந்துக்கினு இருக்குது" என்று கேலி செய்வார். அவர் இருந்தவரை ஒருநாளும் எலிக்கு நான் நீர் ஊற்றியதில்லை.

இந்த வியாழன் காலை எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குச் சொம்போடு போய், மூஞ்சூறின் தலையில் நீர் ஊற்றினேன். குருக்கள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, புதுப் பழக்கமா இருக்கே?" என்றார்.

"புதுசு இல்ல சாமி, நம்ம ஊர்ப் பழக்கம்தான்" என்றேன்.